வாட்சன் ஓட்டல் முதல் எஸ்பிளனேடு மேன்ஷன் வரை: ஒரு கட்டடமும் அதன் பெயர்களும்

மும்பையின் கோட்டைப் பகுதியில், காலா கோடா எனப்படும் இடத்தில், ஐந்து தளங்களைக் கொண்ட பழைய இரும்புக் கட்டடம் ஒன்று உள்ளது. 1871ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள் அது வாட்சன் எஸ்பிளனேடு ஓட்டல் என்னும் பெயரில் திறக்கப்பட்டது. பின்னர் மகிந்திரா மேன்ஷன் ஆயிற்று; அதன்பின் எஸ்பிளனேடு மேன்ஷன் ஆயிற்று. கட்டடம் ஒன்றே, அதனுள் நடந்த தொழிலும் அங்குத் தங்கியோரின் நிலையும் மாற, பெயரும் மாறிற்று.

இக்கட்டுரை அக்கட்டடத்தின் அமைப்பையும் வணிக வரலாற்றையும் கூறி, ஓட்டல், மேன்ஷன், லாட்ஜ், போர்டிங் ஆகிய சொற்களைத் தமிழில் கையாள்வோர்க்கு அவ்வரலாறு எழுப்பும் சிக்கல்களைச் சுட்ட முற்படுகிறது. அவை அகராதியளவில் நின்றுவிடும் சிக்கல்கள் அல்ல. ஒருவர் வாழும் அறை வீடா, விடுதியா என்னும் வினாவுக்கு விடை காணச் சட்டம் இத்தகைய சொற்களையே நாடுகிறது. அவ்விடையைப் பொறுத்தே அவர் அங்கு நீடிப்பதும் வெளியேறுவதும் அமைகின்றன.

மதிலுக்கு வெளியே

எஸ்பிளனேடு என்பது கோட்டை மதிலுக்கு வெளியே, பகைவர் மறைந்து நெருங்கா வண்ணம் வெட்டவெளியாக விடப்பட்ட நிலம். சென்னையில் உயர்நீதிமன்றத்தை ஒட்டிய பகுதிக்கும் இப்பெயர் உண்டு என்பதைத் தமிழ்நாட்டார் அறிவர். இரு நகரங்களிலும் போர்த் தேவை மறைந்தபின் அவ்வெளி மனைகளாயிற்று. பெயர் மட்டும் தங்கிவிட்டது. காலா கோடா என்னும் பெயரின் கதையும் இதுவே. அங்கு 1879இல் நிறுவப்பட்ட வேல்சு இளவரசரின் குதிரைச் சிலையைக் கண்ட மக்கள் இளவரசரை விட்டுக் குதிரையைக் கொண்டு அவ்விடத்துக்குக் ‘கருங்குதிரை’ எனப் பெயரிட்டனர். 1965இல் சிலை பைகுல்லாத் தோட்டத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குதிரையின்றியே அப்பெயர் வழங்கிற்று. 2017இல் வேறொரு கருங்குதிரை அங்கு நிறுத்தப்பட்டபோது அதன்மேல் இளவரசர் இல்லை.

மும்பைக் கோட்டையின் மதில்கள் ஆளுநர் பார்ட்டில் பிரியர் காலத்தில், 1862ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடிக்கப்பட்டன. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் (1861-65) அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்தின் ஆலைகளுக்கு வருவது தடைப்பட்டது. அவ்விடத்தை மேற்கிந்தியப் பருத்தி நிரப்பவே, மும்பையில் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. பழைய வெட்டவெளி மனைகளாக விற்கப்பட்ட காலம் அது. மனை பெற்றவர்களுள் ஒருவர் ஜான் ஹட்சன் வாட்சன் என்னும் ஆங்கிலத் துணி வணிகர். 999 ஆண்டுக் குத்தகை என்பது அக்காலத்தார் எதிர்காலத்தின்மீது வைத்திருந்த நம்பிக்கைக்கு அளவுகோல் எனலாம். ஆனால் 1865இல் போர் முடிந்ததும் பருத்தி விலை சரிந்தது. வங்கிகளும் பங்கு நிறுவனங்களும் அடுத்தடுத்து நொடித்தன. வாட்சன் கட்டடம் எழுந்தது இச்சரிவுக்குப் பின்னர், 1867க்கும் 1869க்கும் இடையில் என்பது நோக்கத்தக்கது.

சுவர் சுமக்காத கட்டடம்

இதை வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்னும் பொறியாளர். இலண்டனின் பளிங்கு மாளிகைக்கான வரைபடப் பணியிலும், செயின்ட் பாங்கிராஸ் தொடர்வண்டி நிலையத்தின் பெருங்கூரைப் பணியிலும் பங்குகொண்டவர்; தேம்சு ஆற்றின் ஆல்பர்ட் பாலமும் (1873) அவருடையதே. வீடு கட்டுவோரினும் பாலமும் கூரையும் அமைப்போரின் மரபைச் சேர்ந்தவர் அவர். மும்பைக் கட்டடத்தைப் பார்ப்போர்க்கு இது விளங்கும். தூண்கள் முதலிய இரும்பு உறுப்புகள் டார்பி நகரின் பீனிக்சு வார்ப்படச் சாலையில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தன. இங்கே அவற்றை முறைப்படி நிறுத்திப் பிணைத்தனர். அதாவது, கட்டடம் இங்கிலாந்தில் எழுதப்பட்டு மும்பையில் கோக்கப்பட்டது.

இதன் சிறப்பு இரும்பைப் பயன்படுத்தியதில் மட்டும் இல்லை. அக்காலத்துக் கட்டடங்கள் பலவற்றில் இரும்புத் தூண்கள் உள்ளே நிற்க, புறச்சுவர்கள் கல்லாலோ செங்கல்லாலோ ஆகிச் சுமையைத் தாங்கின. இங்கு நிலை வேறு. தளங்களின் சுமை முழுவதையும் வார்ப்பிரும்பும் தேனிரும்பும் கொண்ட சட்டகமே ஏற்று நிலத்துக்கு இறக்குகிறது. சட்டகத்தின் இடைவெளிகளைச் செங்கல் நிரப்புகிறது, அவ்வளவே. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் பழமொழி. இங்கே சுவரும் சித்திரத்தைப் போல ஒட்டப்பட்ட பொருளாகிவிட்டது. மேலும், அச்சட்டகத்தைக் கல்முகப்பு கொண்டு மறைக்க ஆர்டிஷ் முயலவில்லை. இரும்பு இரும்பாகவே தெருவுக்குத் தெரிந்தது. அருகே பிற்காலத்தில் எழுந்த பல்கலைக்கழகம், உயர்நீதிமன்றம் முதலியன கல்லால் ஆன கோதிக்குப் பாணியின. அவற்றிடையே இது பறவைக் கூண்டுபோல் இருக்கிறதென அக்காலத்தார் கருதியதில் வியப்பில்லை.

உயர்மாடிகளின் முன்னோடி எனப் பலரும் சுட்டும் சிகாகோவின் ஹோம் இன்சூரன்சு கட்டடம் 1885இல் முடிந்தது. பிரான்சில் இரும்புச் சட்டகத்தை வெளிப்படையாகக் காட்டிய மெனியே சாக்லேட்டு ஆலை 1872ஐ ஒட்டியது. இங்கிலாந்தின் ஷீர்நெசு கடற்படைப் படகுச் சாலை (1858-60) இவற்றுக்கு முற்பட்டதாயினும், அது சரக்குக்காகக் கட்டப்பட்டது. மனிதர் தங்கி வாழ்வதற்கென இம்முறையில் எழுப்பப்பட்டு இன்றும் நிற்பவற்றுள் மும்பைக் கட்டடம் மிகப் பழையவற்றுள் ஒன்று. கட்டுமான வரலாற்றாசிரியர்கள் இதனைத் தேடி வருவது இதனாலேயே.

தரைத்தளத்தில் கடைகளும் உணவுக்கூடமும் இருந்தன. மேல்தளங்களில் ஏறத்தாழ 130 அறைகள். நடுவே கண்ணாடிக் கூரையிட்ட பெரிய முற்றம் ஆடற்கூடமாகப் பயன்பட்டது. தளந்தோறும் வெளியே நீண்ட தாழ்வாரங்கள் கடற்காற்றை உள்ளே கொண்டுவந்தன. பணிப்பெண்களும் இங்கிலாந்திலிருந்தே வரவழைக்கப்பட்டனர். அந்நாட்டுக் குளிரையும் வாட்சன் இறக்குமதி செய்திருக்கலாகாதா என்று விருந்தினர் வேடிக்கையாகக் கேட்டதுண்டாம்.

சுவர் சுமக்காத இவ்வமைப்பு பின்னாளில் ஒரு விளைவைத் தந்தது. சுமை தாங்கும் சுவரை இடிக்கவும் இயலாது, பெயர்க்கவும் இயலாது. சுமை தாங்காத சுவரையோ வேண்டிய இடத்தில் எழுப்பலாம், எடுக்கலாம், மரப்பலகையால் மறுபடியும் பகுக்கலாம். பெரிய விருந்தினர் அறை இரண்டு அலுவலகங்களாகவும், அலுவலகம் நான்கு தடுப்பறைகளாகவும் மாறுவதற்கு இக்கட்டடம் இயல்பாகவே இடங்கொடுத்தது. அதன் பிற்கால வணிக வரலாறு ஆர்டிஷின் வரைபடத்திலேயே பாதி எழுதப்பட்டுவிட்டது என்பது என் கருத்து.

விருந்தினரும் வாடகைக்காரரும்

ஓட்டலின் வாடிக்கையாளர் ஐரோப்பியர். 1896 சனவரியில் மார்க் துவெயின் இங்குத் தங்கினார். மறு ஆண்டு வெளிவந்த அவருடைய உலகப் பயண நூலில் பம்பாய் ஓட்டல் ஒன்றின் காட்சிகள் உள்ளன. தாழ்வாரக் காக்கைகளைப் பற்றிய நகைச்சுவையைப் பலர் நினைவுகூர்வர். அதனினும் ஆழமானது வேறொரு நிகழ்ச்சி. செருமானியர் ஒருவர் இந்தியப் பணியாளரைக் கன்னத்தில் அறைகிறார். அவரோ எதிர்ப்பின்றி ஏற்கிறார். அதைக் கண்ட துவெயினுக்குத் தம் இளமையில் அமெரிக்கத் தென்பகுதியில் அடிமைகள் அடிக்கப்பட்டது நினைவுக்கு வருகிறது. ஓட்டல் என்னும் இடம் யார் யாருக்குச் சொந்தமானது என்பதை அப்பகுதி வெளிப்படுத்துகிறது.

அதே ஆண்டு சூலை 7ஆம் நாள் லூமியேர் சகோதரர்களின் முகவர் மாரியசு செசுத்தியே இங்கு ஆறு குறும்படங்களைத் திரையிட்டார். நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். இந்தியாவில் திரைப்படம் காட்டப்பட்ட முதல் நிகழ்ச்சி இதுவே. ஆஸ்திரேலியா செல்லும் வழியில் மும்பையில் இறங்கியவர் அவர் என்பது பலர் அறியாத செய்தி. ஒரு வாரத்துக்குள் காட்சிகள் நாவல்டி நாடகக் கொட்டகைக்கு மாறின. நகர மக்கள் படம் பார்க்கத் தொடங்கியது அங்கேதான்.

ஜாம்செட்ஜி டாட்டாவை இவ்வோட்டலில் நுழையவிடவில்லை, அதனால் வெகுண்டே அவர் தாஜ்மகால் ஓட்டலைக் கட்டினார் என்னும் கதை ஓயாமல் சொல்லப்படுகிறது. இதற்குச் சமகாலச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. கதையாகவே கொள்ளுதல் தகும். எனினும் 1903 திசம்பரில் தாஜ் திறக்கப்பட்டபின் வாட்சன் ஓட்டலின் செல்வாக்குத் தேய்ந்தது என்பதில் ஐயமில்லை. மின்விளக்கும் கடற்கரை முகப்பும் கொண்ட புதிய ஓட்டலின் முன் முப்பதாண்டுப் பழமையுடைய இரும்புக் கூடு எடுபடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஓட்டல் தொழில் ஒடுங்கி, அறைகள் அலுவலகங்களாகவும் வீடுகளாகவும் பிரிந்தன. உயர்நீதிமன்றமும் உரிமையியல் நீதிமன்றமும் அண்மையில் இருந்தமையால் வழக்கறிஞர் அறைகள் பெருகின. 2005 அளவில் ஐம்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களும் நூற்றுக்கு நெருங்கிய தொழிலிடங்களும் இதனுள் இருந்தன.

நான்கு சொற்கள்

இனிப் பெயர்களைக் காண்போம். ஓட்டல் என்பதன் மூலமான பிரெஞ்சுச் சொல், விருந்தோம்பும் இடத்தைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மருத்துவமனை, மாணவர் விடுதி ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களும் அதன் உடன்பிறப்புகளே. பிரெஞ்சில் அச்சொல் செல்வரின் நகர மாளிகையையும் குறிக்கும். மேன்ஷன் என்பதோ ‘தங்கு’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. உரோமானியர் பெருவழிகளில் பயணியர் தங்கும் நிலையத்துக்கு அதன் மூலவடிவம் பெயராக வழங்கிற்று. மாளிகை என்னும் பொருள் பிற்பட்டது. ஆகவே ஓட்டல் மேன்ஷனானபோது, மூலப்பொருள் நோக்கில், மாளிகை சத்திரமாயிற்று என்றும் சொல்லலாம். பெயரிட்டவர் இதை எண்ணியிருக்கமாட்டார். சென்னைத் திருவல்லிக்கேணியில் மணமாகாத ஆடவர் மாத வாடகைக்குத் தங்கும் அறைத்தொகுதிகளை மேன்ஷன் என்று அழைக்கும் வழக்கமும், அறியாமலே, அப்பழைய உரோமானியப் பொருளை ஒட்டி நிற்கிறது.

தமிழில் இச்சொற்கள் புதிய பங்கீடு பெற்றன. ‘ஓட்டலில் சாப்பிட்டான், லாட்ஜில் தங்கினான்’ என்பது இயல்பான தமிழ்த்தொடர். ஆங்கிலத்தில் முதன்மையாகத் தங்குமிடத்தைக் குறிக்கும் சொல் தமிழில் உண்ணுமிடத்தைக் குறிக்க, தங்குமிடம் லாட்ஜின் பங்காயிற்று. லாட்ஜ் என்பதற்குச் செய்தித்தாள் தமிழில் சற்றுத் தாழ்ந்த சாயலும் ஏறியுள்ளது. கோட்டைப் பகுதியைப் பற்றி மொழிபெயர்ப்போர் இன்னொரு பொறியையும் கவனித்தல் வேண்டும்: பிரீமேசன் சங்கத்தாரின் கிளையும் ஆங்கிலத்தில் லாட்ஜ்தான், அங்கு எவரும் இரவு தங்குவதில்லை.

போர்டிங் என்னும் சொல்லின் நிலை இதனினும் விந்தையானது. இதற்குச் சான்று தேடக் கோட்டையிலிருந்து வடக்கே மாட்டுங்காவுக்குச் செல்ல வேண்டும். 1896இன் கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்டு வகுத்த புதுக்குடியிருப்புகளுள் மாட்டுங்கா ஒன்று. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுத் தெற்கிலிருந்து வந்த இளைஞர் பலர் பகலில் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் உழைத்து, இரவில் இங்கு வந்து உறங்கினர். தனியாளாக வந்தவர்க்கு அறை ஓரிடம், சோறு ஓரிடம். வாட்சன் கட்டடத்தில் ஒரே கூரையின்கீழ் இருந்த உணவும் உறையுளும் இங்கே தெருவின் இருபுறமாகப் பிரிந்தன. 1942இல் இராம நாயக் என்பவர் மாட்டுங்கா நிலையத்தருகே தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங் இன்றளவும் பெயர்பெற்றது. அங்கு இலைச் சாப்பாடு உண்டு. தங்க அறை இல்லை. ஆங்கிலத்தில் அச்சொல்லின் அடி பலகையையும், பின்னர் உணவு பரிமாறும் மேசையையும், அதன்பின் உணவையும் குறித்தது. ஆதலின் மாட்டுங்கா வழக்கே சொற்பிறப்புக்கு நெருங்கியது. தமிழ்நாட்டிலோ ‘போர்டிங்கில் சேர்த்தார்கள்’ என்றால் பிள்ளையைப் பள்ளி விடுதியில் விட்டார்கள் என்று பொருள். ஒரே கடன்சொல் ஓரிடத்தில் சோற்றையும் ஓரிடத்தில் உறையுளையும் பற்றிக்கொண்டது. மும்பைத் தமிழரின் கடிதத்தையோ கதையையோ பதிப்பிப்பவர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

இந்தப் பங்கீடு சட்டத்தினுள் நுழையும்போது விளையாட்டாக இருப்பதில்லை. மும்பையை அரை நூற்றாண்டு ஆண்ட வாடகைச் சட்டத்தின் முழுப்பெயரைத் தமிழில் ‘பம்பாய் வாடகை, ஓட்டல், தங்கும் விடுதிக் கட்டணக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1947’ எனலாம். 1940 செப்டம்பர் முதல் நாளின் வாடகையை அடிப்படையாக வைத்து அது பல்லாயிரம் வீடுகளின் வாடகையை உறையவைத்தது. அதில் ‘வளாகம்’ என்பதற்குரிய வரையறை ஓட்டலிலோ தங்கும் விடுதியிலோ உள்ள அறையை விலக்குகிறது. 1999இன் மகாராட்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தபோதும் இவ்விலக்கு தொடர்ந்தது. 1960இன் தமிழ்நாட்டுச் சட்டத்திலும் இத்தகைய விலக்கு இருந்தது. ஆனால் அங்கு ஓட்டலோடு இணைத்துச் சொல்லப்பட்டது தங்கும் விடுதி அன்று, போர்டிங் இல்லம். மும்பைச் சட்டம் உறையுளை எண்ணியது. சென்னைச் சட்டம் சோற்றை எண்ணியது. இரண்டையும் ‘விடுதி’ என ஒரே சொல்லால் பெயர்த்தால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். விடுதியில் இருப்பவர் விருந்தினர், நாளை போகவேண்டியவர். வளாகத்தில் இருப்பவர் வாடகைக்காரர், சட்டக் காரணமின்றி அகற்றப்பட இயலாதவர். கதவின் மேலுள்ள பெயர்ப்பலகை இதை முடிவு செய்வதில்லை. பயன்பாடே முடிவு செய்யும். எனினும், பயன்பாட்டை விவரிக்க நீதிமன்றத்திலும் சொற்களன்றி வேறு கருவி இல்லை.

வாடகை உறைந்த நகரில் வாடகை உரிமையே விற்பனைப் பொருளாயிற்று. கைமாறும் போது உரிமையாளருக்கும் வெளியேறுவோர்க்கும் தரப்படும் பெருந்தொகைக்கு மும்பை வழக்கு ‘பக்டி’. தலைப்பாகை என்பது அதன் பொருள். மரியாதைப் பணம் என்பது குறிப்பு. அதைப் ‘பகடி’ என எழுதினால் தமிழில் கேலி என்றாகிவிடும். சில மொழிபெயர்ப்புகளில் இது நேர்ந்ததைக் கண்டிருக்கிறேன். உறைந்த வாடகையால் பழுதுபார்க்க உரிமையாளர்க்கு ஆர்வமில்லை, உரிமையைக் காசு கொடுத்துப் பெற்றவர்க்கோ வெளியேற மனமில்லை. நகரின் பழைய கட்டடங்கள் பலவும் இவ்விரண்டுக்கும் இடையில் நைந்தன.

மூலமும் இடைச்செருகலும்

வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும். இழுப்பையும் வளைவையும் தாங்காது. ஈரக் கடற்காற்றில் கவனிப்பின்றி விடப்பட்ட இரும்பு இணைப்புகளில் துரு ஏறுகிறது. பிற்காலத் தடுப்புகளும் பரண்களும் கழிப்பறைகளும் கூடுதல் சுமையையும் கசிவையும் தந்தன. 1995இன் மரபுக்கட்டட விதிகளின் கீழ்க் கட்டடம் இரண்டாம் தரத்து ‘அ’ பிரிவில் சேர்க்கப்பட்டிருந்தது. உலக நினைவுச்சின்ன நிதியம் தனது 2006ஆம் ஆண்டுக்குரிய இடர்ப்பாட்டுப் பட்டியலிலும் இதைச் சேர்த்தது. அப்பட்டியல் வெளிவந்த 2005லேயே தாழ்வாரத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஒருவர் உயிரிழந்தார். 2019இல் குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வறிக்கை இடித்துவிடுதலைப் பரிந்துரைத்தது. மரபுப் பாதுகாப்புக் கட்டடக்கலைஞர்களோ செப்பனிட இயலும் என வாதிட்டனர்.

செப்பனிடுவதாயின் எதை மீட்பது? பதிப்பாசிரியர்க்குப் பழகிய வினா இது. பலகைத் தடுப்புகளை இடைச்செருகல் என நீக்கி 1871இன் மூலபாடத்தை நிறுவலாம். ஆர்டிஷின் சட்டகம் அதற்கும் இடங்கொடுக்கும். ஆனால் ஓட்டலாக அக்கட்டடம் இருந்த காலத்தைவிட வழக்கறிஞர் அறைகளாகவும் எளிய குடும்பங்களின் வீடுகளாகவும் இருந்த காலம் குறைந்ததன்று. மூலபாடம் ஐரோப்பியர்க்கானது. மும்பை நகரத்தார் பெருந்தொகையினராக உள்ளே நுழைந்தது அந்த இடைச்செருகல்களின் வழியேதான். உரையாசிரியர் பாடவேறுபாட்டைச் சுட்டி இரண்டையும் காப்பது போல, கட்டடத்திலும் செய்ய இயலுமா என்பதைப் பொறியாளர்கள்தாம் சொல்ல வேண்டும். இயலாது என்று அவர்கள் சொல்லும்வரை சட்டகத்தை இடிக்கலாகாது என்பதே என் நிலைப்பாடு.

சொல்லளவில் செய்யத்தக்கன சில உண்டு. விடுதி, வீடு ஆகிய இரண்டும் ‘விடு’ என்னும் ஒரே அடியிலிருந்து வந்தவை. பொருளில் இன்று வெகுதூரம் விலகியவை. துவெயினின் பயண நூலைப் பெயர்ப்பவர் ‘ஓட்டல்’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் சாப்பாட்டுக் கூடத்தையே காண்பார். அங்குத் ‘தங்கும் ஓட்டல்’ பொருந்தும். சட்டத் தொடர்களில் தங்கும் விடுதியையும் உண்டுறை இல்லத்தையும் வேறாக வைத்தல் வேண்டும். மாட்டுங்காவின் போர்டிங்கைப் போர்டிங் என்றே விட்டுவிடலாம். 2019இன் வெளியேற்றத்தைப் பற்றி எழுதும்போது எஸ்பிளனேடு மேன்ஷனிலிருந்து சென்றவர்களை ‘விடுதியில் தங்கியிருந்தோர்’ எனக் குறிப்பது பிழை. அவர்கள் அங்குக் குடியிருந்தவர்கள்.